கொள்ளுக்கு முன்னால் நின்ற கார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதப் பிற்பகலில், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பிரதான சாலையை விட்டுப் பிரிந்த ஒரு கிளைச் சாலையில் இது நடந்தது. அன்று காரில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் இப்போது மறுபடியும் வளைகுடாவில் இருக்கிறார். இன்னொருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் மட்டும் பெரம்பலூரிலேயே இருக்கிறேன். அதனால் இதை எழுதுவது என் பங்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் நான் ஒரு நாளிதழின் பெரம்பலூர் பகுதிநேர நிருபர். மாவட்டப் பக்கங்களைக் குறைத்துவிட்டதால் வேலை ஏறக்குறைய இல்லாமல் போன நேரம். மின்சாரக் கார்களைச் சாலையில் ஓட்டிச் சோதித்துத் தரும் ஒரு சிறிய குழு, இந்தப் பக்கத்துச் சாலைகள் தெரிந்த, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத் தெரிந்த ஒருவரைத் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வேலை எளிது. கார் தானாக எதையாவது செய்தால், அதாவது பிரேக் போட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பினால், பீப் அடித்தால், அந்த இடத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று குரல் பதிவுக் கருவியில் சொல்ல வேண்டும்.

"ஆடுன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். எந்தப் பக்கம் நின்னுச்சு, எந்தப் பக்கம் நகர்ந்துச்சுன்னு சொல்லுங்க" என்பார் பொறியாளர். சென்னைப் பையன், முப்பது வயது இருக்காது. எங்கள் செய்தி ஆசிரியரும் இதையேதான் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதால் எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

வண்டி ஓட்டியவர் லப்பைக்குடிகாட்டுக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பல வருடம் துபாயில் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டோம். அவர் அந்தக் காரை ஒரு படித்த, ஆனால் ஊர் தெரியாத மருமகளைப் போல நடத்துவார். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் போகும்போது சுண்ணாம்புத் தூசி கேமராவை மூடிவிடும். 'பார்வை தெளிவாக இல்லை' என்று திரையில் எழுத்து வரும். பாய் ஓரமாக நிறுத்தி, தோள் துண்டால் துடைப்பார். "கண்ணுல தூசி விழுந்துடுச்சு, அழுவுது பாவம்" என்பார். கல்யாண பிளெக்ஸ் பேனர் காற்றில் சரிந்து சாலைப்பக்கம் தொங்கியபோது, அதிலிருந்த மாப்பிள்ளையை நிஜ மனிதன் என்று நினைத்து கார் பிரேக் போட்டது. "மாப்பிள்ளைக்கு மரியாத குடுக்குது சார்" என்றார். பின்னால் வந்த மொபெட்காரர் அன்று எங்களைத் திட்டிய திட்டையும் நான் பதிவு செய்திருந்தேன். பொறியாளர் அதை மட்டும் அழிக்கச் சொன்னார்.

சில வாரங்கள் இப்படி ஓடின. இப்போது நினைத்தால், நான் பார்த்த வேலைகளிலேயே அதிகம் சிரித்த வேலை அதுதான்.

நான் சொல்ல வந்த நாள், சோதனையின் கடைசி நாள். மறுநாள் காலை கார் டிரெய்லர் லாரியில் ஏறிப் போய்விடும். அன்றைக்கு வைத்திருந்தது மின்சாரச் செலவுச் சோதனை. டயரில் காற்றைச் சரிபார்த்து, ஏசியை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரே சீரான வேகத்தில் அரியலூர் போய்த் திரும்ப வேண்டும். இருக்கிற மின்சாரத்தில் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்பது அதில் தெரியும். நடுவில் நின்றால், நின்று கிளம்பினால், கணக்கு கெட்டுவிடும். இதற்கு முன் எடுத்த ஓட்டங்கள் எல்லாம் பாதியில் கெட்டுப்போயிருந்தன. ஒரு நாள் ஆட்டுமந்தை. ஒரு நாள் அரியலூர் ரயில்வே கேட். அதனால்தான் போக்குவரத்து குறைந்த இந்தக் கிளைச் சாலையைப் பிடித்தோம். மூடிய காருக்குள் மூன்று பேரும் வெந்துகொண்டிருந்தோம். ஆனால் திரையில் ஓடிய எண் நன்றாக வந்துகொண்டிருந்தது. பொறியாளர் முகம் மலர்ந்திருந்தது.

ஒரு வளைவைத் தாண்டியதும் சீட் பெல்ட் நெஞ்சை இறுக்கியது. கார் தானாக பிரேக் போட்டு நின்றது.

சாலையின் முழு அகலத்துக்கும் கொள்ளுச்செடி பரப்பிக் கிடந்தது. வேரோடு பிடுங்கிக் காயவைத்த கொடிகள், முழங்கால் உயரத்துக்கு. ஆரம்பத்திலும் முடிவிலும் ஓரத்தில் கற்கள் அடையாளத்துக்கு வைத்திருந்தார்கள். பழக்கப்படி நான் பதிவுக் கருவியில் சொன்னேன்: "தடை. செடிக் குவியல். சாலை முழுவதும்."

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கொள்ளு, உளுந்து, வரகு எல்லாம் காய்ந்ததும் எங்கள் ஊர்களில் சாலையில் பரப்புவார்கள். போகிற வருகிற வண்டிகள் அதன்மேல் ஏறிப் போனால் நெற்று வெடித்துத் தானியம் உதிரும். ஆபத்தான பழக்கம்தான், இருசக்கர வாகனங்கள் சறுக்கி விழுந்த செய்திகளை நானே எழுதியிருக்கிறேன். ஆனால் உலர்களம் இல்லாத ஊரில் தார்ச் சாலைதான் களம்.

சாலையோரப் புளியமரத்தடியிலிருந்து இரண்டு பெண்கள் கையை வீசிக்கொண்டு வந்தார்கள்.

"ஏறிப் போங்க சார்! ஏன் நிக்கிறீங்க?"

பாய் கண்ணாடியை இறக்கினார். "நான் நிக்கலம்மா. வண்டி நிக்குது."

"வண்டி தானா எங்கயாச்சும் நிக்குமா? பெட்ரோல் தீந்துடுச்சா?"

"பெட்ரோலே கெடையாதும்மா. இது கரண்டு வண்டி."

இரண்டாவது பெண் முதல் பெண்ணைப் பார்த்து, "கரண்டு போயிடுச்சு போலருக்குக்கா" என்றார். பாய் சிரித்துவிட்டார். பொறியாளர் சிரிக்கவில்லை. திரையில் அவருடைய எண் நின்றுபோயிருந்தது.

அவர்கள் ஓரகத்திகள்; அண்ணனையும் தம்பியையும் கட்டியவர்கள். மூத்தவருக்கு ஐம்பது இருக்கலாம், கறாரான பேச்சு. இளையவர் எதற்கெடுத்தாலும் வாயில் ஒரு கிண்டல் வைத்திருந்தார். பொறியாளர் இறங்கி, கார் நின்ற இடத்தையும் கொள்ளையும் சேர்த்துப் படம் எடுத்தார். அவருக்கு அது அரிய நிகழ்வு.

"போட்டோல்லாம் எடுக்காதீங்க சார். பேப்பர்ல போட்டுடுவாங்க" என்றார் மூத்தவர். நான் பதிவுக் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இந்த வழியா வேற வண்டி வரலியாம்மா?" என்று பாய் கேட்டார்.

"எங்க வருது? போன வாரம் அந்தாண்ட ரோட்டுல கொள்ளு மேல ஏறின காரு ஒண்ணு எரிஞ்சுபோச்சு. அடியில செடி சுத்திக்கிட்டு, சைலன்சர் சூட்டுல பத்திக்கிச்சு. ஆளுங்க எறங்கி ஓடிட்டாங்க, சாமி புண்ணியம். அதுலேருந்து ஒருத்தனும் ஏற மாட்டேங்கிறான். தூரத்துலயே பாத்துட்டு மண்ணுல எறங்கிப் போயிடுறான்."

"டிராக்டர்?"

"மக்காச்சோளம் அடிக்கிற மெசினை மாட்டிக்கிட்டு பூலாம்பாடி பக்கம் போயிடுச்சு. நாளைக்கு வரேங்கிறான்."

"டவுன் பஸ்ஸு?"

"காலையில ஒரு தடவ ஏறிச்சு. அப்ப பனி ஈரம், ஒண்ணும் வெடிக்கல. இனிமே சாயங்காலந்தான். அதுக்குள்ள அது வந்துடும்" என்று மூத்தவர் தெற்கே கையைக் காட்டினார்.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் தெற்கில், அடிவானத்துக்கு மேலே, வானம் ஈயம் பூசியதுபோல இருந்தது. மாசியில் வராத மழை. வந்தால், இந்த வெயிலில் முறுகிக் காய்ந்து நிற்கும் நெற்று நனைந்து கறுத்துவிடும், முளைவிட்டாலும் விடும். அந்த வருடம் அவர்களுடைய மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றுவிட்டது. மானாவாரி நிலம். கடைசியாகத் தூவிவிட்ட இந்தக் கொள்ளு ஒன்றுதான் வீடு வந்து சேரவேண்டியது. இதை மூத்தவர் அழுகையோ வேண்டுதலோ இல்லாமல், வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார்.

பாய் மண் ஓரத்தைக் கண்ணால் அளந்தார். "சார், எடப்பக்கம் எறக்கி ஓட்டிட்டுப் போயிடலாம். வேகத்தப் பிடிச்சா உங்க கணக்குல பாதியாவது தேறும்."

பொறியாளர் காரின் முன்பக்கம் போனார். குனிந்தார். பிறகு சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் தார்ச் சாலையில் படுத்து, காருக்கு அடியில் பார்த்தார். எழுந்தபோது முதுகெல்லாம் கொள்ளுச் சருகு.

"பாய், இந்த வண்டியில சைலன்சரே இல்ல."

"தெரியும் சார். அதுக்கு?"

"பத்திக்கிறதுக்கு அங்க சூடான குழாயே இல்ல. அடியில பூரா தட்டையான மூடி. சக்கரத்துக்கிட்ட செடி சுத்தும். அத மட்டும் அப்பப்ப நிறுத்தி எடுத்துட்டா போதும்."

பாய்க்கு அவர் சொல்ல வருவது புரிந்துவிட்டது. மறுத்துத் தலையை ஆட்டினார். "சார், இது என் வண்டியா இருந்தா இந்நேரம் ஏறியிருப்பேன். இது அமானிதம். ஒருத்தன் நம்பி நம்ம கையில குடுத்த பொருளு. நாளைக்கு லாரியில ஏத்தி, குடுத்தபடி திருப்பி அனுப்பணும்."

"நான் பொறுப்பு பாய்."

"நீங்க பொறுப்புன்னு சொல்லிடலாம். சாவி என் கையிலதானே இருக்கு."

தூரத்தில் ஒரு இடி உருண்டது. இளையவர் பாயின் பக்கம் திரும்பினார். "பாய் எந்த ஊரு?"

"லப்பைக்குடிகாடு."

"துபாய்ல இருந்தீங்களா?"

"இருந்தேம்மா."

"ஆளு பாத்தாலே தெரியுது. பாலைவனத்துலல்லாம் ஓட்டியிருப்பீங்க. எங்கக்கா கொள்ளு மேல ஏறத்தான் பயம்!"

"இந்தாடி, சும்மா இரு" என்று மூத்தவர் அதட்டினார். பிறகு பாயைப் பார்த்து, "அவ கெடக்கறா. உங்க மனசுக்குச் சரின்னு படாட்டி வேணாங்க. போயிட்டு வாங்க" என்றார்.

கிண்டலுக்கு அசையாத பாய் இதற்கு அசைந்தார் என்று நினைக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வானத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். "சுத்துற செடிய நீங்க எடுக்கணும் சார். ஒவ்வொரு சுத்துக்கும்." பிஸ்மில்லா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

பொறியாளர் திரையில் ஒவ்வொன்றாக அணைத்தார். தானாக பிரேக் போடுவது, கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கைத் திருப்புவது, எல்லாம். "இத்தன நாளா இதெல்லாம் வேலை செய்யுதான்னு பாத்தோம். இப்ப ஒண்ணுமே வேலை செய்யக்கூடாது" என்றார்.

எனக்குக் கிடைத்த வேலை காவல். பாயின் இன்னொரு துண்டு சிவப்பு. அதை வாங்கிக்கொண்டு வளைவில் போய் நின்றேன். இருசக்கர வாகனம் எது வந்தாலும் நிறுத்தி, மண் ஓரத்தில் இறக்கி அனுப்ப வேண்டும். ஒருவர் என்னைப் பார்த்து, "என்னம்மா, எலக்சனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கார் கொள்ளின் மேல் ஏறியது.

முதல் தடவை அந்த ஒலியைக் கேட்டபோது எனக்கு என்னவென்று விளங்கவில்லை. மற்ற வண்டிகள் ஏறும்போது இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்காது. இந்தக் காருக்கு அந்தச் சத்தம் இல்லை. சக்கரத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கான நெற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பது மட்டும் கேட்டது. எண்ணெயில் கடுகு பொரிவதைப் போல, ஆனால் ஒரு சாலை நீளத்துக்கு. மூத்தவர் செடி புரட்டும் கவைக்கம்பை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்று கேட்டார். பாய் ஏற்றியிருந்த கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டார்.

கார் அந்தக் கோடிக்குப் போய், வரப்புப் பாதையில் திருப்பி, மறுபடி வரும். ஓரகத்திகள் இருவரும் கவைக்கம்பால் செடியைப் புரட்டிப் போடுவார்கள். நிற்கும்போதெல்லாம் பொறியாளர் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்து, சக்கரத்தில் சுற்றிய கொடியை உருவி எடுப்பார். எல்லாவற்றையும் அணைத்த பிறகும், பார்க்கிங்கில் இடிக்காமல் இருப்பதற்கான அந்தச் சிறிய பீப் மட்டும் எப்படியோ அணையாமல், செடி கிட்டே வரும்போதெல்லாம் முனகிக்கொண்டே இருந்தது.

"என்னக்கா இது, நம்ம மாமியா மாதிரி வேலையும் செய்யுது, மொணமொணங்கவும் செய்யுது" என்றார் இளையவர்.

மூத்தவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "அது காதுல விழுந்தா தெரியும்."

"எது காதுல? காரு காதுலயா, மாமியா காதுலயா?"

காற்று திரும்பியது. மண் வாசனை வந்தது. பொறியாளர் கையைக் காட்டி காரை நிறுத்தினார். அதன்பிறகு எல்லோருக்கும் ஒரே வேலை. சக்கையை உதறி ஒதுக்கினோம். உதிர்ந்த கொள்ளை விளக்குமாற்றால் கூட்டினோம். நானும் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தூற்ற நேரமில்லை, தூசும் துரும்புமாகவே புளியமரத்தடிக்கு வாரிக் குவித்து, தார்ப்பாய் போட்டு, சாலையில் அடையாளத்துக்கு வைத்திருந்த கற்களையே ஓரங்களில் ஏற்றினோம். கடைசிக் கல்லை வைத்துவிட்டு பாய் நிமிர்ந்தபோது முதல் துளி காரின் கூரையில் விழுந்த சத்தம் கேட்டது.

முழுவதையும் காப்பாற்றிவிட்டோம் என்று எழுத ஆசைதான். சாலையின் மறுகோடியில் ஒரு பகுதி புரட்டாமலே கிடந்தது; அது நனைந்தது. மூத்தவர் அதையும் பார்த்தார், தார்ப்பாயையும் பார்த்தார். "வரவேண்டியது வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கி, எங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொள்ளு கட்டிக் கொடுத்தார். பொறியாளர் வேண்டாம் என்று சொல்லப் போனார். பாய் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். அவரும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழிதான் உண்மையான சோதனை. செடிமேல் ஏறி ஏறி இறங்கியதில் மின்சாரம் தண்ணீராகச் செலவாகியிருந்தது. அரியலூரைப் பற்றிய பேச்சே எழவில்லை. பெரம்பலூர் போய்ச் சேருவோமா என்பதே சந்தேகம். மழையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏசி இல்லாமல், உள்ளே ஆவி படிய, பாய் அந்தக் காரை மடியில் தூங்கும் குழந்தையை எடுத்துப் போவதுபோல ஓட்டினார். நெடுஞ்சாலை ஓரத்துச் சார்ஜிங் இடத்தில் வயரைச் செருகியபோதுதான் மூவரும் மூச்சு விட்டோம்.

டீக்கடையில் உட்கார்ந்து பொறியாளர் அன்றைய பதிவுகளை ஓடவிட்டார். ஓட்டம் செல்லாது, அதில் பேச்சில்லை. ஆனால் தானாக நின்றதற்கு ஒரு விவரம் எழுத வேண்டும். தேவையான பிரேக்கா, தேவையில்லாத பிரேக்கா?

"என்ன மேடம் போடலாம்?" என்றார்.

நான் யோசித்தேன். அது ஏறிப் போகவேண்டிய இடம். ஊரில் யாரைக் கேட்டாலும் தேவையில்லாதது என்றுதான் சொல்வார்கள்.

பாய் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "அது நின்னதாலதானே சார் நாம நின்னோம். என் கையில விட்டிருந்தா மண்ணுல எறக்கிட்டுப் போயிட்டே இருந்திருப்பேன்."

பொறியாளர் சிரித்தார். 'தேவையானது' என்று எழுதினார்.

மறுநாள் கார் லாரியில் ஏறியது. அதன் அடியில் ஒரு கொள்ளுக்கொடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பாய் பிறகு மறுபடி துபாய் போனார். பொறியாளர் வேலையை மாற்றிக்கொண்டார், ஆனாலும் ஒவ்வொரு மாசியிலும் அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும்: "கொள்ளு எடுத்தாச்சா மேடம்?" நான் மறுபடியும் பத்திரிகைக்கே வந்துவிட்டேன்.

அந்த ஊருக்கு இப்போது உலர்களம் வந்துவிட்டது. சாலை சுத்தமாக இருக்கிறது. நல்ல காரியம், வண்டிக்காரர்களுக்கும் நல்லது, அந்த ஓரகத்திகளுக்கும் நல்லது. இருந்தாலும் அந்த வழியாகப் போகும்போது புளியமரம் வரும் இடத்தில், காரணமே இல்லாமல் கண்ணாடியை இறக்கிவிடுகிறேன். காற்றைத் தவிர எதுவும் கேட்பதில்லை. சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த பயணங்கள் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. நிற்கத் தேவையில்லாத இடத்தில் நின்றுபோன அந்த ஒரு பயணம்தான், இன்றும் சாலையில் எது குறுக்கே கிடந்தாலும், இதற்குப் பக்கத்தில் எந்த மரத்தடியில் யார் காத்திருக்கிறார்கள் என்று என்னைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது.